அக்காவின் மூளையை நான் அளந்தேன்

எங்கள் சொந்தத்தில் என்னை எல்லோரும் டாக்டர் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், நியூக்ளியர் மெடிசின் பிரிவில், இருபத்திரண்டு வருஷமாக டெக்னீஷியன். கொஞ்சம் கதிரியக்க மருந்தை ஊசி வழியாக உடம்புக்குள் செலுத்தி, அது எங்கே போய்த் தங்குகிறது என்று கேமராவில் படம் பிடித்து அளந்து கொடுப்பது என் வேலை. இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கிப் பார்த்து அலுத்துப்போய் எப்போதோ விட்டுவிட்டேன். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் ஒருத்தர் மூட்டுவலி என்பார், இன்னொருத்தர் தலைசுற்றல் என்பார். நானும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஏதோ ஒரு மாத்திரையின் பேரைச் சொல்லுவேன். உண்மையைச் சொன்னால் அது எனக்குப் பிடித்திருந்தது. திருத்த வேண்டிய பட்டத்தைத் திருத்தாமல் வைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது.

அக்காவுக்கும் அப்படி ஒரு நாள் சொன்னேன். என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவிநாசியில் ஒரு கிரகப்பிரவேசத்தில் பார்த்தபோது, சாப்பிட்டால் நெஞ்சு எரிகிறது, ஏப்பமாக வருகிறது என்றாள். அப்போது எனக்கும் அதே தொல்லை. பத்து நாளைக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை என் சட்டைப் பையிலேயே இருந்தது. மிச்சமிருந்த பாதி அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று போட்டால் நின்றுவிடும் என்றேன். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் அதை மறந்தேபோனேன்.

அந்த மாத்திரையில் இரண்டு மருந்துகள் கலந்திருக்கும். ஒன்று வயிற்றின் அமிலத்தைக் குறைக்கும். மற்றது இரைப்பையைச் சுறுசுறுப்பாக்கும். அந்த இரண்டாவது மருந்து மூளைக்குப் போனால் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும். நாள் கணக்கில் சாப்பிட்டால் ஒன்றுமில்லை, வருஷக் கணக்கில் சாப்பிட்டால் சிலருக்குக் கை நடுங்கும், நடை குறுகும், முகம் மரத்துப்போனது மாதிரி ஆகிவிடும். இது எனக்குத் தெரியாத விஷயமா? மூளையில் டோபமைன் சமாச்சாரத்தை அளக்கிறவனே நான்தான். அட்டையைத் திருப்பி ஒரு தடவை படித்திருந்தால் போதும். படிக்கவில்லை.

அக்காவிடம் ஒரு கறவை மாடு உண்டு. காலையில் அவளே கறந்து, பால் கேனை மொபெட்டின் முன்னால் வைத்து சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவாள். நாலு வருஷம் கழித்து ஒரு நாள் போனில் மாட்டைக் குறை சொன்னாள். முன்னைப்போல நின்று கொடுப்பதில்லையாம், காலை மாற்றி மாற்றி வைக்கிறதாம், கறந்து முடிக்கவே நேரமாகிவிடுகிறதாம். மாட்டு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். மாட்டு டாக்டர் வந்து மாட்டைப் பார்த்துவிட்டு, மாட்டுக்கு ஒன்றுமில்லை, நீங்கள் மெதுவாகக் கறக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் குடும்பத்தில் முதலில் நோயைக் கண்டுபிடித்தது அந்த மாடுதான். இரண்டாவது அந்த மனிதர். டாக்டர் தம்பிக்கு மூன்றாவது இடம்கூடக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அடுத்த மாதம் மச்சான் கூப்பிட்டு, அக்காவின் வலது கை சும்மா வைத்திருக்கும்போது தன்னால் ஆடுகிறது என்று சொன்ன பிறகுதான் நான் நேரில் போய்ப் பார்த்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியின் நரம்பு டாக்டரிடம் அழைத்துவந்தேன். சாந்தமான மனிதர். விரலைத் தட்டச் சொன்னார், நடந்து காட்டச் சொன்னார். பிறகு, வீட்டில் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் மேஜைமேல் வையுங்கள் என்றார். அக்கா மஞ்சப்பையிலிருந்து பிரஷர் மாத்திரையை எடுத்து வைத்தாள். சத்து மாத்திரையை எடுத்து வைத்தாள். வேறு எதுவும் இல்லையா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். கேஸுக்கு, தூக்கத்துக்கு, தலைசுற்றலுக்கு என்று ஏதாவது உண்டா என்று டாக்டர் மறுபடி கேட்டார். அதெல்லாம் மருந்துக் கணக்கிலேயே வராது என்பதுபோலச் சிரித்துக்கொண்டு, பையின் அடியிலிருந்து அந்த அட்டையை எடுத்தாள்.

நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அட்டையைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கிரகப்பிரவேச வீடு முழுசாக ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வாசலில் கட்டியிருந்த வாழை, சுண்ணாம்பு வாசனை, என் சட்டைப் பை, எல்லாம் வந்தது. எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். நாலு வருஷத்துக்கு மேலிருக்கும், ஒரு நாள்கூட விட்டதில்லை என்றாள் அக்கா, ஏதோ விரதத்தைச் சொல்கிறமாதிரி. டாக்டர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யாருங்கம்மா எழுதிக் குடுத்தது?"

அக்கா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. "மருந்துக்கடையில குடுத்ததுங்க டாக்டர்" என்றாள்.

டாக்டர் மருந்துக்கடைக்காரர்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டுப் பேசினார். படிக்காதவர்கள் கொடுக்கும் மாத்திரையால் எத்தனை பேர் இப்படி வருகிறார்கள் தெரியுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஆமாங்க சார் என்று தலையாட்டினேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. தலையாட்டினேன்.

அப்புறம் அவர் சொன்னதை இங்கே விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நினைத்தவுடன் கைகால் அசைய வேண்டுமானால் மூளையின் நடுவில் சில நரம்புகள் டோபமைனைச் சுரக்க வேண்டும். சுரந்து மிஞ்சியதை நரம்பின் நுனி மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படி இழுத்துக்கொள்ளும் வாசலுக்குத்தான் டோபமைன் டிரான்ஸ்போர்ட்டர் என்று பேர். அக்காவின் நடுக்கம் மாத்திரையால் வந்ததென்றால் நரம்பும் வாசலும் பழுதில்லாமல் இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் மெல்ல மெல்லக் கை சரியாகிவிடும். பார்க்கின்சன் நோய் என்றால் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், வாசலும் கூடவே போய்க்கொண்டிருக்கும். போனது திரும்பாது. மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் அந்த வாசல்கள் எங்கெங்கே எவ்வளவு மிச்சமிருக்கின்றன என்று ஸ்கேன் எடுத்து அளந்துவிடுவோம் என்றார் டாக்டர். அளக்கிறவர் பக்கத்திலேயே நிற்கிறாரே என்று என்னைக் காட்டிச் சிரித்தார்.

வெளியே வந்து காரில் ஏறினோம். ஏனுங்க்கா இத்தனை வருஷம் அதையே போட்டீங்க என்று கடைசியில் கேட்டேன். கேட்ட தொனியில் கோபம் இருந்தது, என் மேலிருந்த கோபத்தை அவள்மேல் காட்டினேன். நிறுத்தச் சொல்லி நீ சொல்லவில்லையே என்றாள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம் அல்லவா என்றேன். வேலையாக இருப்பாய், ஒரு ஏப்ப மாத்திரைக்காக உன்னைத் தொந்தரவு செய்வதா என்றாள். பழைய அட்டையைக் கடையில் காட்டி வாங்கிக்கொள்வாளாம். எங்கள் ஊர்ப்பக்கத்து மரியாதை இது. யாரையும் இரண்டாவது தடவை கேட்டுச் சங்கடப்படுத்த மாட்டார்கள். டாக்டரிடம் சொன்ன பொய்யைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்த மூன்று மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்தேன். கை எப்படி இருக்கிறது என்பேன். பரவாயில்லை சாமி என்பாள், சின்ன வயசிலிருந்தே என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன், மாத்திரையால் வந்ததென்றால் அதிர்ஷ்டம், வேண்டிக்கொள்ளுங்கள் என்று. மச்சானிடமும் அதையே சொன்னேன். அவர் அன்றாடம் அதற்காகவே சாமி கும்பிட்டார். நானும் வாயால் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஷேவ் செய்யும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, மனசு தனியாக ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. நோயாக இருந்தால் அது என்னால் வந்ததில்லை. இந்த ஒரு வரியை நான் முழுசாக நினைத்ததே இல்லை. பாதி வரும்போதே வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன்.

மூன்று மாதத்தில் கை சரியாகவில்லை. மாட்டை மச்சான் கறக்க ஆரம்பித்திருந்தார்.

ஸ்கேன் அன்று காலையில் மச்சான் அக்காவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, தேங்காய் வியாபாரி ஒருவரைப் பார்க்கப் போய்விட்டார். ஈயக் கவசத்துக்குள் இருக்கும் ஒரு குழாயிலிருந்து தினமும் காலையில் உப்புத்தண்ணீரைச் செலுத்தி, அன்றைக்கு வேண்டிய கதிரியக்கப் பொருளை இறக்கிக்கொள்வோம். மறுநாளைக்குள் மறுபடி ஊறிவிடும். எங்கள் தொழிலில் அதைப் பசு கறப்பது என்பார்கள். இதை எப்போதோ அக்காவிடம் சொல்லியிருந்தேன். உள்ளே வந்ததும் வராததுமாக, "கறந்தாச்சா சாமி?" என்று கேட்டாள். ஆச்சுங்க்கா என்றேன். நீயாவது நல்லபடியாகக் கறக்கிறாயே என்று சிரித்தாள். அவள் முகத்தில் முன்பிருந்த சிரிப்பில் பாதிதான் வந்தது. மாத்திரையோ நோயோ, எதனால் வந்தாலும் அது சிரிப்பையும் குறைத்துவிடும்.

ஊசியை நானே போட்டேன். மருந்து மூளைக்குப் போய் அந்த வாசல்களில் ஒட்டிக்கொள்ள நாலு மணி நேரம் ஆகும். அதுவரை ஊசி போட்டவர்கள் தனி அறையில் இருக்க வேண்டும், நாங்கள் தேவையில்லாமல் பக்கத்தில் போகக் கூடாது. நான் கதவோரம் நின்று பேசினேன். அவள் எனக்காக ஒப்புட்டு, அதுதான் பருப்புப் போளி, செய்து கொண்டுவந்திருந்தாள். ஓரமெல்லாம் கிழிந்து பூரணம் வெளியே வந்திருந்தது. கை சொன்ன பேச்சுக் கேட்கவில்லை, பார்க்க நன்றாயில்லை, தின்ன நன்றாயிருக்கும் என்றாள். சின்ன வயசில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று கிணற்றுமேட்டில் ஒளிந்துகொண்டதைப் பற்றிப் பேசினாள். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த நாலு மணி நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். நான்தானே கொடுத்தேன், தப்புங்க்கா, என்று கதவோரம் நின்றபடியே சொல்லியிருக்கலாம். படம் வரட்டும் என்று இருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் மேஜைமேல் படுக்கவைத்து நெற்றியில் பட்டையைக் கட்டினேன். கை நடுங்கினால் பரவாயில்லை, தலை மட்டும் அசையக் கூடாது என்றேன். கேமராவின் இரண்டு தலைகளும் அவள் தலையை ஒட்டி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தன. எச்சில் முழுங்கலாமா என்று கேட்டாள். முழுங்கலாம் என்றேன். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் அவள் அசையவே இல்லை. இத்தனை வருஷத்தில் அவ்வளவு ஆடாமல் படுத்திருந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சொந்தக்காரர்களின் படத்தை நாமே அளக்கக் கூடாது என்பது எங்கள் பிரிவில் நாங்களே போட்டுக்கொண்ட வழக்கம். கூட வேலை செய்யும் அம்மணி, தள்ளுங்கண்ணா நான் பார்த்துக்கிறேன் என்று வந்தாள். வேண்டாம், நான் செய்கிறேன் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் வெளியே போய்விட்டாள்.

நல்ல மூளையில் அந்த வாசல்கள் நிறைந்த இடம், இரண்டு முந்திரிப்பருப்பை எதிரெதிரே வைத்தமாதிரி பளிச்சென்று தெரியும். நோய் வந்தால் முதலில் முந்திரியின் வால் மங்கும். திரையில் அக்காவின் மூளை மேலிருந்து கீழாக ஒவ்வொரு அடுக்காக வந்தது. வலது கையை அசைக்கும் இடது பக்கத்தில் வால் இல்லை. ஒரு உருண்டை மட்டும் நின்றது. வலது பக்கத்திலும் வால் மங்க ஆரம்பித்திருந்தது. அளக்க வேண்டிய தேவையே இல்லை, கண்ணுக்கே தெரிந்தது.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்று இருந்தது. மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த கனம் ஒரே நொடியில் இறங்கியது. அதை நான் உடம்பால் உணர்ந்தேன், தோள் இரண்டும் தளர்ந்தன, மூச்சு ஆழமாக வந்தது. அக்காவுக்குத் தீராத நோய் என்று தெரிந்த நொடியில் என் உடம்பு நிம்மதியாக இருந்தது. இதை எழுத வேண்டாம் என்று பல தடவை நினைத்தேன். எழுதாவிட்டால் மீதி எதை எழுதினாலும் பொய்.

பிறகு அளந்தேன். உருண்டையைச் சுற்றி ஒரு வட்டம், வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம், இரண்டு பக்கமும். பின்மண்டையில் ஒரு வட்டம். பின்மண்டையில் இந்த வாசல்கள் ஏறக்குறைய கிடையாது, அதனால் அங்கே தெரிவது வெறும் மங்கல். அந்த மங்கலைக் கழித்துவிட்டு, அதைப்போல எத்தனை மடங்கு மிச்சம் நிற்கிறது என்று பார்ப்போம். எண் வந்தது, குறைவு. வட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் எண் மாறும், அதனால் அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். குறைவுதான். மூன்றாம் தடவையும் வரைந்தேன். மற்றவர்களுக்கு நான் மூன்று தடவை அளப்பதில்லை. ஒருவேளை நன்றாக இருக்குமோ என்ற ஆசையில் அளக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இல்லை. நான் குற்றவாளி இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டிருந்தேன்.

ரிப்போர்ட்டை டாக்டர்தான் எழுதிச் சொல்ல வேண்டும். ஆனால் அக்கா வராந்தாவில் ஒப்புட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வருவதைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஏஞ் சாமி, அந்த மாத்திரையாலயா?"

"இல்லீங்க்கா. மாத்திரையால இல்ல."

"நெசமாத்தான் சொல்றயா?"

"நெசமாத்தானுங்க்கா. படத்துலயே தெரியுது."

அவள் டப்பாவை நாற்காலியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். வலது கை இடது கையில் படபடவென்று தட்டியது. கண்ணெல்லாம் நீர்.

"மாசாணியாத்தா காப்பாத்திப்போட்டா. நீ குடுத்ததால வந்ததுன்னு மட்டும் ஆயிரக்கூடாதுன்னு மூணு மாசமா அவகிட்டத்தான் முறையிட்டுட்டு இருந்தேன். வேற எது வந்தாலும் நா பாத்துக்கறேன்னு சொல்லிப்போட்டேன்."

ஒரே விஷயத்தைத்தான் இரண்டு பேரும் வேண்டியிருக்கிறோம். நான் ஒளித்து வேண்டினேன், அவள் சாமியிடம் நேராகவே கேட்டிருக்கிறாள். நான் எனக்காக, அவளும் எனக்காக. கொஞ்ச நேரம் கழித்துத்தான், அப்படியானால் இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். தீர்க்க முடியாது, ஆனால் மாத்திரையில் பல வருஷம் நன்றாக ஓட்டலாம் என்றேன். சரி என்று உட்கார்ந்தாள். நீ இன்னும் சாப்பிடவில்லையா என்று டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

சில வாரம் கழித்து நரம்பு டாக்டரிடம் பொதுவாகக் கேட்பதுபோல ஒன்று கேட்டேன். ஏற்கெனவே நோய் உள்ளே இருக்கும் ஆளுக்கு அந்த கேஸ் மாத்திரை போனால் என்ன ஆகும்? நோயை அது உண்டாக்காது, ஆனால் மூடிக்கிடப்பதைச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்துவிடும், மாத்திரை இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் தெரியாமலே ஓடியிருக்கலாம் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். அதை எப்படி அளப்பது என்றார். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. இப்போது சொந்தக்காரர்கள் யாராவது மாத்திரை கேட்டால், நான் டாக்டர் இல்லைங்க, படம் எடுக்கிறவன் என்று சொல்கிறேன். தம்பிக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம்.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வேண்டுதலை முடிக்க வேண்டும், கூட்டிப்போ என்று அக்கா போன் செய்தாள். மாசாணியம்மன் கோயில் அவள் வீட்டிலிருந்து பக்கம்தான். மச்சான் கூட்டிப்போவார். நான்தான் வரவேண்டுமாம். போனேன். கூட்டத்தில் அவளுடைய சின்னச் சின்ன எட்டுக்கு ஏற்றமாதிரி நானும் எட்டுவைத்து நடந்தேன். தட்டை அவளால் பிடிக்க முடியவில்லை, தேங்காய் உருண்டது. நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கோயிலில் அம்மனுக்குப் படுத்த கோலம், அந்தப் பெரிய உருவத்துக்கு முன்னால் அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அர்ச்சனை யார் பேருக்கு என்று பூசாரி கேட்டார். நான் அவள் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டு என் பேரைச் சொன்னாள். நட்சத்திரத்தையும் சொன்னாள். குரல் இப்போது சின்னதாகிவிட்டதால் பூசாரிக்குக் கேட்கவில்லை. மறுபடியும், இன்னும் கொஞ்சம் மூச்சுப்பிடித்து, என் பேரையே சொன்னாள். அவர் என் பேரைச் சொல்லி அர்ச்சனை செய்து, குங்குமத்தை என் கையில் கொடுத்தார். அக்காவுக்கென்று அன்றைக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.